மீந்ததை ராத்திரி ஒன்பது மணிக்கே கவனியுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போரூரில் வீடு, நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்து ஆறு மாதமாகக் கூட இருக்கிறார். தினமும் சாதமோ குழம்போ ஏதோ ஒன்று மீந்துவிடுகிறது. அம்மா ஒரு பருக்கையைக் கூடக் கொட்ட விடுவதில்லை, மனைவி பழசு என்றால் கிட்டே வருவதில்லை. ஃபிரிட்ஜில் கிண்ணம் கிண்ணமாகச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாவற்றையும் கொட்டி, இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறீர்கள். யார் சொல்வது சரி, மீந்ததை என்னதான் செய்வது என்பது கேள்வி.

நான் டாக்டரும் இல்லை, சமையல் கலைஞரும் இல்லை. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் பையன்களுக்கு 17 வருஷம் மெஸ் நடத்தினவள். என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார், நான் சாமானையும் கணக்கையும். மெஸ் வைத்தவர்களுக்கு லாபம் என்பது மீந்ததில்தான் இருக்கிறது, நஷ்டமும் அதில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் அம்மா சொல்வதும் சரி, மனைவி சொல்வதும் சரி. நேரம்தான் தப்பு. மீந்த சாதத்தை என்ன செய்யலாம் என்று எல்லோரும் காலையில் எழுந்து யோசிக்கிறார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பத்துப் பாத்திரம் ஒழிக்கிற நேரத்தில் அதற்கு முடிவு கட்டியிருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு அது சாப்பாடு. மூடி போட்டு அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டால் காலை ஆறு மணிக்கு அது என்னவாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மெஸ் ஆரம்பித்த மூன்றாவது வருஷம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அண்டாவில் பாதிக்கு மேல் சாதம் அப்படியே இருந்தது. அலுப்பில், தாம்பாளத்தைப் போட்டு மூடிவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் திறந்தால் சாதம் உதிரி உதிரியாக, பார்க்க நன்றாகவே இருந்தது. ஊசல் வாடை துளியும் இல்லை. நூல் விடவில்லை. நடுவில் கையை விட்டுப் பார்த்தபோது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை நான் நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, கடலை தாளித்துக் கிளறிப் போட்டோம். பத்து மணிக்குள் ஏழு பையன்களுக்கு வாந்தி. ஒருவன் பல் மருத்துவக் கல்லூரிப் பரீட்சைக்குப் போக வேண்டியவன், போக முடியவில்லை. அந்தப் பையனின் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

தெருமுனை டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். அரிசியிலேயே ஒரு கிருமி வித்து வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். பேசிலஸ் சீரியஸ் என்று பெயர். சாதம் கொதித்தாலும் அந்த வித்து சாகாது. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு பொல்லாதது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. அதனால் திரும்பச் சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் சாதத்துக்குச் செல்லாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்துவிடும். ஐந்து டிகிரிக்கு மேல், அறுபது டிகிரிக்குக் கீழ் இருக்கிற சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சென்னையில் மே மாத ராத்திரியே இருபத்தெட்டு, முப்பது டிகிரி என்றால் கேட்கவே வேண்டாம். அண்டாவின் நடுப்பகுதி விடிகிற வரைக்கும் அந்த வெதுவெதுப்பிலேயே இருந்திருக்கிறது. மூடி போட்டதுதான் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம்.

சரி, ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன செய்வது? மீந்த சாதத்தைக் குக்கரிலிருந்தோ பானையிலிருந்தோ எடுத்து ஒரு அகலமான தாம்பாளத்தில் பரப்புங்கள். இரண்டு விரல்கடைக்கு மேல் உயரம் வேண்டாம். ஃபேனுக்கு அடியில் வைத்தால் இருபது நிமிஷத்தில் ஆறிவிடும். அப்புறம் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுக்கச் சில்லென்று ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். லேசான சூடு இருந்தாலும் டப்பா சின்னதாக இருந்தால் ஃபிரிட்ஜ் தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்து இரண்டு மணிக்குள் இது நடந்துவிட வேண்டும், கோடையில் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குச் சாதம் வைத்து, ஒருவர் பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து சாப்பிடுகிற வீடாக இருந்தால், வருகிறவருக்கு வேண்டியதை முதலிலேயே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தபின் சூடு பண்ணிக் கொடுப்பது மேல். அந்தச் சாதத்தை மறுநாளே தீர்த்துவிடுங்கள். எலுமிச்சை, புளிக்காய்ச்சல், தேங்காய், தயிர் எதுவானாலும் சரி. உதிரியாக ஆறிய சாதம்தான் கலந்த சாதத்துக்கு லாயக்கு என்பது உங்கள் அம்மாவுக்கே தெரியும். ஒரு கைப்பிடி மட்டும் மீந்திருந்தால் மறுநாள் ஆப்ப மாவு அரைக்கும்போது கூடப் போடுங்கள். ஆப்பத்தின் நடுப்பகுதி பஞ்சு மாதிரி வரும்.

இதற்கு நேர் எதிர் வழிதான் பழைய சோறு. இதில் ஃபிரிட்ஜ் வேண்டாம், ஆனால் முறை வேண்டும். அம்மா செய்வதை மனைவி பார்த்திருப்பார்: சாதத்தில் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றும். அதற்குள் நடப்பது வேறு. தண்ணீருக்குள் மூழ்கிய சாதத்தில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நல்ல பாக்டீரியா பெருகி, ராத்திரியிலேயே புளிப்பேறிவிடும். அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை வளர விடாது. தயிர் கெடாமல் இருப்பதும் இதே கணக்கில்தான். எங்கள் வீட்டுக்காரர் கொசப்பேட்டையில் வாங்கி வந்த மண் சட்டி ஒன்றை இதற்கென்றே வைத்திருந்தார். வேறு எதற்கும் அதைத் தொட விட மாட்டார். மண்ணின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் சட்டி வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குளுமையாகவே இருக்கும்.

நாலு விஷயம் கவனித்தால் போதும். ஒன்று, வடித்த சாதமாக இருந்தால் நல்லது, குழைந்த குக்கர் சாதம் சளசளவென்று ஆகிவிடும். இரண்டு, சாதம் ஆறியதும் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், ராத்திரி முழுக்க வெறுமனே கிடந்த சாதத்தில் காலையில் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. மூன்று, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ ஊற்றுங்கள், சாதத்துக்கு மேல் மூன்று விரல்கடை நிற்கட்டும். நாலு, முந்தின நாள் நீராகாரம் ஒரு கரண்டியோ, இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் மோரோ விட்டால் புளிப்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நல்ல பாக்டீரியாவா, கெட்ட கிருமியா, சட்டிக்குள் எது முந்துவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. சித்திரை வைகாசியில் எட்டு மணி நேரம் தாராளம். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி ஆகும். காலையில் மோந்து பார்த்தால் மோர் மாதிரி இளம் புளிப்பு வாசம் வர வேண்டும். மேலே ஆடையோ நிறமோ, வேறு ஏதாவது குமட்டுகிற வாடையோ இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். இரண்டாம் நாளைக்கு என்று நீட்டக்கூடாது. பல நாள் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. வடசென்னையில் சுண்டக்கஞ்சி என்று ஒரு சரக்கு உண்டு, அந்தப் பக்கம் போய்விடும்.

உப்பு, கெட்டி மோர், நறுக்கின சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ வடுமாங்காயோ, அசைவ வீடாக இருந்தால் முந்தின நாள் மீன் குழம்போ. உங்கள் மனைவி ஒருநாள் இப்படிச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆய்வே நடத்தினார்கள் என்று சொல்லிப் பாருங்கள், படித்த பிள்ளைகளுக்கு அந்த மாதிரி சொன்னால்தான் ஏறும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆறிய சாதத்தில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பது உண்மைதான். அதை நம்பி இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் சாதம் சாதம்தான். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு அன்றன்றைக்கு வடித்ததுதான் சரி.

குழம்பு விஷயத்துக்கு வருவோம். எல்லாக் குழம்பும் ஒரே ஜாதி இல்லை. புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக இருக்கிற வத்தக்குழம்பு, காரக்குழம்பு, மீன் குழம்பு எல்லாம் மறுநாளைக்கு இன்னும் ருசி கூடும். பருப்பு கரைந்த சாம்பார் அவ்வளவு தாங்காது. தேங்காய் அரைத்து விட்ட கூட்டு, குருமா, அவியல் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். தேங்காய்ச் சட்னியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது காலையில் அரைத்து மத்தியானத்துக்குள் தீர வேண்டியது. கொஞ்சம் மீந்தால் மத்தியானமே மோர்க்குழம்பில் கரைத்துவிடுங்கள், தெரியவே தெரியாது. ராத்திரிக்கு எடுத்து வைத்தால் கொட்டத்தான் வேண்டும்.

மெஸ்ஸில் என் சட்டம் ஒன்றுதான்: மீந்த குழம்பில் கைபட்ட கரண்டி போகக்கூடாது. சாதம் பரிமாறின கரண்டியைக் குழம்புக்குள் விட்டு ஒரு பருக்கை விழுந்தால் அந்தப் பருக்கைதான் முதலில் கெடும். சாப்பிட்டு முடித்ததும் மீந்ததைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பேன். மறுநாள் ஒரே ஒரு தடவை, அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்து, கொதி வருகிற வரை சூடு பண்ணுங்கள். முழுப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துச் சூடு பண்ணி, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுப்பதுதான் பாதி வீடுகளில் நடக்கிற தப்பு. மைக்ரோவேவில் வைத்தால் பாதியில் எடுத்துக் கிளறுங்கள், ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்று இருக்கும்.

திருநெல்வேலி அம்மா வீட்டில் இருக்கும்போது சுண்டக்கறியைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து மறுநாள், மீந்த சாம்பார், அவியல், பொரியல், கொஞ்சம் ரசம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, தீயைக் குறைத்து வைத்துச் சுண்டச் சுண்டக் காய்ச்சுவார்கள். எங்கள் மேன்ஷன் பையன் ஒருவன், பாளையங்கோட்டைக்காரன், ஒரு பொங்கல் மறுநாள் எங்கள் அடுப்படியில் நின்று செய்து காட்டினான். முதல் அரை மணி பார்க்கவே சகிக்காது, சேறு மாதிரி இருக்கும். அப்புறம் தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் எண்ணெய் பிரியும். முருங்கைக்காய் நார் தனியே கழலும். கத்தரிக்காய் இருந்த இடம் தெரியாமல் கரையும். வாழைக்காய் மட்டும் வீம்புக்கு நிற்கும். அடியில் பிடிக்கிறதை அவன் மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி உள்ளே கலந்துகொண்டே இருந்தான். ‘அடிப்பிடிக்கிறதுதாம்க்கா ருசி, கருகக்கூடாது அவ்வளவுதான்’ என்றான். சட்டியில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சியது. தோல் நிறத்தில் ஒரு விழுது. தயிர்சாதத்துக்கு அன்றைக்கு அடிதடி.

வீட்டில் இதைச் செய்வதாக இருந்தால் ஒரே நிபந்தனை: உள்ளே போகிற எல்லாமே ராத்திரியே ஃபிரிட்ஜில் போனதாக இருக்க வேண்டும். தேங்காய் சேர்ந்த அவியல் வெளியே கிடந்திருந்தால் எவ்வளவு சுண்டினாலும் அதைச் சேர்க்காதீர்கள்.

பலகாரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவை உங்களுக்கும் தெரிந்தவைதான். மீந்த இட்லியை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சில்லென்று இருக்கும்போதே உதிர்த்தால்தான் உப்புமா பொலபொலவென்று வரும், சூட்டோடு உதிர்த்தால் களிதான். புளித்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழிப்பணியாரம். சப்பாத்தி காய்ந்துபோனால் நாலாக வெட்டிக் கொத்துப் போடுங்கள், மீந்த குருமா அதில் தீர்ந்துவிடும். மசால் வடை மீந்தால் வடைகறி. சைதாப்பேட்டைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பண்டம், அதுவே மீந்த வடையிலிருந்து பிறந்தது என்றுதான் சொல்வார்கள். மீந்த பொரியலை அடை மாவில் கலக்கலாம். கெட்டிப் பருப்பைச் சப்பாத்தி மாவோடு பிசையலாம். மோர் ரொம்பப் புளித்துவிட்டால் அரிசி மாவைக் கரைத்து மோர்க்களி கிண்டலாம், நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் செய்தது என்றால் சாதத்துக்குச் சொன்ன அதே கதைதான், சட்டியோடு விடாமல் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜ். கடைப் பார்சல் என்றால், அது தேக்சாவிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கியது, வண்டியில் எவ்வளவு நேரம் சுற்றியது என்று நமக்குத் தெரியாது. அதை மறுநாளைக்கு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வேண்டுமளவு மட்டும் வாங்குங்கள்.

வெயில் காலம் வந்தால் சாதத்துக்கு இன்னொரு போக்கிடம் உண்டு, மொட்டை மாடி. மே 4 வாக்கில் கத்திரி ஆரம்பித்ததும் எங்கள் மாடியில் வேட்டி விரிந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்திருந்த முந்தின நாள் சாதத்தைப் பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, வேட்டியில் வடகமாகக் கிள்ளி வைப்போம். காலை எட்டு மணிக்கே மாடிக்குப் போய்விட வேண்டும். முதல் நாளே மேல்புறம் காய்ந்துவிட வேண்டும், மேகம் போட்டிருந்தால் அந்த வேலையையே எடுக்காதீர்கள். திருவல்லிக்கேணியில் கடற்காற்று ஈரத்துக்கு மூன்று நாள் ஆகும். போரூரில் இரண்டு நாளில் கலகலவென்று வந்துவிடும் என்று நினைக்கிறேன். அபார்ட்மென்ட் மாடிக்குச் சாவி தர மாட்டேன் என்கிற அசோசியேஷனாக இருந்தால் அது உங்கள் தலைவிதி.

தோல், தண்டு எல்லாம் மீந்த சாப்பாட்டில் சேராது என்றாலும் பீர்க்கங்காய்த் தோலை மட்டும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நரம்பை லேசாகச் சீவித் தள்ளிவிட்டு, தோலை நல்லெண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், துளி புளி வைத்து அரையுங்கள். காய் ருசியா தோல் ருசியா என்று சந்தேகம் வரும்.

இப்போது ஃபிரிட்ஜ். உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டிதான் என்பது என் எண்ணம். உள்ளே வைத்துவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று மனசுக்கு ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அங்கேதான் கோளாறு. ஃபிரிட்ஜ் கெடுவதைத் தள்ளித்தான் போடும். நாலு டிகிரிக்குள் இருந்தால் சமைத்த பண்டத்தை இரண்டு நாள் வைக்கலாம், மூன்றாவது நாள் எனக்கு நம்பிக்கை இல்லை. மூச்சுவிட இடமில்லாமல் அடைத்தால் நாலு டிகிரி வராது. உள்ளே தெரியாத எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். நான் கண்ணாடி டப்பாவுக்கு மாறினேன், மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிக் கிழமையை எழுதுவேன். மீந்ததற்கென்று கண் மட்டத்தில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். அந்தத் தட்டு காலியாகாமல் புதுசாகக் குழம்பு வைப்பதில்லை என்று மாமியாரும் மருமகளும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும், அதற்குமேல் இல்லை. மூன்றாம் நாள் திறந்து, மாவு, பால், குழம்பு எல்லாவற்றையும் கொட்டினேன். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் வெல்லமும்தான் தப்பின. மோந்து பார்த்துத் தேறுமா என்று ஒவ்வொன்றாக எடுத்து யோசித்த என் மகளை அதட்ட வேண்டியிருந்தது. மூக்கு ஊசினதைத்தான் சொல்லும். என் மெஸ் எலுமிச்சை சாதம் மாதிரி வாடையே இல்லாமல் கெட்டதைச் சொல்லாது. பூசணம் பூத்த பிரெட்டில் பூத்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடுவதும் இந்த ரகம்தான், வேர் உள்ளே எங்கெங்கோ போயிருக்கும்.

மீந்ததை யாருக்காவது கொடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் மூன்று நாள் ஃபிரிட்ஜில் கிடந்ததை எடுத்துக் கொடுத்து, ‘வீணாக்காம குடுத்துட்டேன்’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாம் சாப்பிட மாட்டோம் என்று முடிவு செய்ததை இன்னொருவர் தட்டில் வைப்பதற்குத் தானம் என்று பேர் கிடையாது. கொடுப்பதாக இருந்தால் சமைத்த அன்றைக்கே, நாம் சாப்பிடுவதற்கு முன்னால் எடுத்து வைத்து, வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். பெசன்ட் நகரில் 2017-ல் ‘அய்யமிட்டு உண்’ என்று தெருவில் ஒரு பொதுக் குளிர்ப்பெட்டி வைத்தார்கள், ஔவையாரின் ஆத்திசூடி வரியையே பேராக வைத்து. யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அங்கே வைக்கிறவர்களுக்கும் இதே நியாயம்தான். கல்யாணம், பிறந்தநாள் என்று பெரிய அளவில் மீந்தால் கோயம்புத்தூரில் 2014-ல் ஆரம்பித்த ‘நோ ஃபுட் வேஸ்ட்’ மாதிரி அமைப்புகளுக்குப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து ‘நாலு மணிக்கு வடிச்ச சாதம் இருக்கு’ என்றால் அவர்களும் என்ன செய்வார்கள்?

மாட்டுக்கு வைப்பது புண்ணியம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு பிடி சாதத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அன்னக்கூடை நிறையச் சாதமோ பொங்கலோ வைத்தால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேரி பேக்கில் கட்டித் தெருவில் வைப்பது அதைவிடப் பாவம், அது பையோடு தின்னும். காக்காவுக்கு ஒரு கவளம், அது போதும்.

இத்தனைக்குப் பிறகும் கொட்ட வேண்டியது இருக்கும். கொட்டுங்கள், அம்மாவிடம் அன்னலட்சுமியை நான் சமாதானம் செய்துகொள்கிறேன் என்று சொல்லுங்கள். மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியில் தனியாகப் போடுவதை மட்டும் விடாதீர்கள். கலந்து போட்ட ஈரக்குப்பை கிடங்கில் அமுங்கி மட்கினால் எரிகிற வாயு வரும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் பற்றி எரிந்தபோது எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மாடியில் தொட்டி வைத்து உரம் போடுவதாக இருந்தால் சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேலே தேங்காய் நார்த்தூளும் சருகும் தூவுங்கள். இல்லாவிட்டால் புழுவும் நாற்றமும் கிளம்பி அக்கம்பக்கத்தில் புகார் வரும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ உணவு வீணாகிறது, தோல் கொட்டை எல்லாம் சேர்த்து. நாளைக்கு 150 கிராம் வருகிறது. ஒரு பெரிய கரண்டி சாதம். உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று கரண்டி. அதனால் முதலில் அரிசி அளவைப் பாருங்கள். ராத்திரிக்கு இரண்டு பேருக்கு ஒரு ஆழாக்கு அரிசி போதும், நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அம்மா ஊர்ப் பழக்கத்தில் யாராவது வந்தால் என்று ஒரு கை கூடப் போடுகிறவராக இருப்பார். போரூரில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்லாமல் யார் வரப்போகிறார்கள்? வந்தால் ரவை இருக்கிறது, உப்புமா கிண்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் எவ்வளவு மீந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள், எங்கள் மெஸ்ஸில் அப்படிக் குறித்துத்தான் வியாழக்கிழமை ராத்திரி மட்டும் ஏன் மீந்துகொண்டே இருந்தது என்று கண்டுபிடித்தோம். அன்றைக்குச் சுரைக்காய்க் கூட்டு.

அப்புறம், அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். சுண்டக்கறிக்கு ரசத்தைத் தெளிவாக விடுவார்களா, மண்டியோடு விடுவார்களா? அந்தப் பாளையங்கோட்டைப் பையன் எதை ஊற்றினான் என்று நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், இத்தனை வருஷமாகியும் அந்தப் பக்குவம் எனக்கு வரவில்லை.